லைசென்சு: சாமிக்கு 50 மீட்டர், மனிதனுக்கு எவ்வளவு?

இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாடகைக் காரில் போகின்றவர்கள், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்துக்குள்ளாகவே இரண்டு விதமான லைசென்சுகளின் யோக்கியதையை ஒருங்கே பார்த்துவிடலாம். ஒன்று, காரை ஓட்டுகின்ற தோழரின் சட்டைப் பையில் இருப்பது. மற்றொன்று, மதுக்கடையை ஒட்டித் தகரக் கொட்டகைக்குள் மேஜை நாற்காலி போட்டு நடத்தப்படும் 'பார்' என்பதற்குக் கொடுக்கப்பட்டிருப்பது. முன்னது மனிதனை வீடு கொண்டுபோய்ச் சேர்க்கின்றது. பின்னது அவன் வீடு போய்ச் சேருவானா என்பதையே சந்தேகத்தில் வைக்கின்றது. இரண்டையும் கொடுப்பது சர்க்கார்தான். ஆனால் யாரைக் கேட்டுக் கொடுக்கின்றார்கள், என்ன காரணத்தைக் காட்டிக் கொடுக்கின்றார்கள், யாருக்குப் பதில் சொல்லும் கடமையோடு கொடுக்கின்றார்கள் என்பதைப் பற்றித்தான் நாம் இங்கு இரண்டு வார்த்தை எழுத வேண்டியிருக்கின்றது.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைத் தீர்த்துக் கொள்வோம். நம் ஊர்களில் எதற்கும் "நம்ம மெம்பரைப் பார்த்தால் முடிந்துவிடும்" என்று சொல்லுகின்ற பழக்கம் இருக்கின்றது. டிரைவர் லைசென்சுக்கும் மெம்பர், 'பார்' எடுப்பதற்கும் மெம்பர், கடையை அப்புறப்படுத்துவதற்கும் மெம்பர். உண்மை என்னவென்றால், சட்டப்படி இந்த இரண்டு லைசென்சுகளில் ஒன்றிலாவது முனிசிபல் மெம்பருக்குக் கடுகளவு அதிகாரமும் கிடையாது. டிரைவர் லைசென்சு கொடுப்பது வட்டாரப் போக்குவரத்து ஆபீசு. டாக்சிக்குப் பெர்மிட்டு கொடுப்பது வட்டாரப் போக்குவரத்து அதிகார சபை. மதுக்கடை வைப்பது சர்க்காருடைய கம்பெனியாகிய டாஸ்மாக்கு. பெரிய ஓட்டல்களுக்கும் கிளப்புகளுக்கும் மது விற்க லைசென்சு கொடுப்பது சென்னையிலிருக்கும் மதுவிலக்கு ஆயத்தீர்வைக் கமிஷனர். அப்படியானால் ஓட்டு வாங்கிப் போன மெம்பருக்கு இதில் உள்ள வேலை என்ன? சிபார்சு ஒன்றுதான். அதிகாரம் இல்லாத இடத்தில் சிபார்சு வளரும், பொறுப்பு இல்லாத சிபார்சு எங்கே போய் முடியும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததேயாகும்.

டிரைவர் விஷயத்தை முதலில் பார்ப்போம். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் இவ்விஷயத்தில் ஒரு வகையில் யோக்கியமான சட்டமென்றே சொல்ல வேண்டும். பொதுஜனங்களை ஏற்றிப் போகும் வண்டியை ஓட்டுகின்றவனுக்கு இருபது வயது ஆகியிருக்க வேண்டும் என்கின்றது. டாக்டர் சர்டிபிகேட்டு கேட்கின்றது. ஒருவன் வழக்கமான குற்றவாளி, வழக்கமான குடிகாரன் என்று கண்டால் லைசென்சு மறுக்கலாம், கொடுத்ததைப் பிடுங்கவும் செய்யலாம் என்கின்றது. ஆனால் மறுப்பதற்கு முன்னால் அவனைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், காரணத்தை எழுத்தில் எழுத வேண்டும், முப்பது நாளுக்குள் அப்பீல் செய்ய அவனுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லுகின்றது. இந்தக் கடைசி மூன்று சங்கதிகளையும் வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டுமாய்க் கேட்டுக் கொள்ளுகின்றோம். கூப்பிட்டுக் கேட்பது, காரணம் எழுதுவது, அப்பீல். இவை பின்னால் நமக்குத் தேவைப்படும்.

இந்தச் சட்டத்தின் கீழ் வெகுநாள் வரை, எட்டாவது படிக்காதவனுக்கு வாடகை வண்டி ஓட்ட லைசென்சு இல்லை என்று ஒரு விதி இருந்துவந்தது. தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி வைக்கப்பட்டவன் மகனைப் பார்த்து, "நீ ஏன் எட்டாவது படிக்கவில்லை? ஆகையால் ஸ்டியரிங்கைத் தொடாதே" என்று சொல்லுவது எவ்வளவு நேர்த்தியான நியாயம்! 2019-ல்தான் அந்த விதி எடுபட்டது. அதை எடுத்ததற்காக யாருக்கும் மாலை போட வேண்டியதில்லை, அதுவரையில் வைத்திருந்ததற்காக யாராவது தலைகுனிந்தால் போதும். அதன் பிறகு 2024 நவம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ஐந்து ஜட்ஜுகள் கூடி, 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டியாயிருந்தால் சாதாரண இலகு வாகன லைசென்சு உள்ளவரே வாடகை வண்டியையும் ஓட்டலாம், தனியாக மேலெழுத்து வேண்டியதில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அதே கோர்ட்டு 2017-ல் சொன்னதைத்தான் உறுதி செய்தார்கள். ஏழை டிரைவருக்கு இது நன்மை. விபத்து நடந்த பின் இன்ஷூரன்சு கம்பெனிக்காரன் "மேலெழுத்து இல்லை, பணம் இல்லை" என்று கையை விரிப்பது இதனால் நின்றது. இதில் நமக்குச் சந்தோஷமே.

ஆனால் ஒரு கேள்வி மிச்சமாகின்றது. ராத்திரி பதினோரு மணிக்கு மில் ஷிப்டு முடிந்து தனியாக வரும் பெண்பிள்ளை ஏறுகின்ற காரை ஓட்டுகின்றவன் யார், எப்படிப்பட்டவன் என்று பார்ப்பது யார்? 2014 டிசம்பரில் டில்லியில் உபர் கம்பெனி டாக்சியில் ஏறிய ஒரு பெண்ணை அதன் டிரைவர் கெடுத்தான். அவன்மேல் முன்னமேயே வழக்குகள் இருந்தன என்பதும், அவன் காட்டிய போலீசு நன்னடத்தைச் சர்டிபிகேட்டு போலி என்பதும் குற்றம் நடந்த பிறகுதான் வெளிவந்தது. கம்பெனி கேட்டது காகிதம், அவன் கொடுத்ததும் காகிதம். காகிதத்துக்குக் காகிதம் சரியாய்ப் போய்விட்டது. பெண்ணின் கதி?

நம் பக்கத்து ஆபீசுகளின் நடைமுறையையும் வாசகர்கள் அறியாதவர்கள் அல்லர். எந்த ஊர் ஆபீசு என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வாலிபன் தானே பாரம் எழுதி, தானே பணம் கட்டி, தானே வண்டி ஓட்டிக் காட்டி லைசென்சு வாங்கப் போகின்றான் என்று வைத்துக்கொள்வோம். வாசலிலேயே ஒருவர் "தம்பி, தனியாவா வந்தே?" என்று கேட்பார். "ஆமா அண்ணாச்சி" என்றால், ஏதோ சுடுகாட்டுக்குத் தனியாக வந்தவனைப் பார்ப்பதுபோல் பரிதாபமாய்ப் பார்ப்பார். இந்த அண்ணாச்சிகளுக்கு எந்தச் சட்டத்தில் இடமிருக்கின்றது? கோயிலில் சாமிக்கும் பக்தனுக்கும் நடுவில் தரகன் எதற்கு என்று நாம் எத்தனையோ காலமாய்க் கேட்டு வருகின்றோம். ஆபீசில் சர்க்காருக்கும் குடிமகனுக்கும் நடுவில் தரகன் எதற்கு என்றும் கேட்க வேண்டியிருக்கின்றது. அங்கே தட்சணை, இங்கே வேறு பெயர். அங்கேயும் மந்திரம் விளங்காது, இங்கேயும் பாரம் விளங்காது. விளங்காமல் இருப்பதில்தான் தரகனுடைய ஜீவனம் இருக்கின்றது.

நிற்க. இனி 'பார்' விஷயத்துக்கு வருவோம்.

நாம் மதுவிலக்குப் பஜனை பாடுகின்றவர்கள் அல்லர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். 1937 அக்டோபர் 1-ந் தேதி ஆச்சாரியார் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு ஆரம்பித்ததும், 1948-ல் அது மாகாணம் முழுவதும் ஆனதும், 1971-ல் நிறுத்தப்பட்டதும், பிறகு மறுபடி வந்து மறுபடி போனதும் எல்லோருக்கும் தெரியும். ஒரு சர்க்கார் மூடும், மற்றொன்று திறக்கும். மூடினபோது குடிப்பவன் காட்டுக்குள் போய்க் குடித்தான். திறந்தபோது ரோட்டில் விழுந்தான். வயது வந்த ஒருவன் தன் காசில் தன் வீட்டில் குடிப்பதை நாம் பிரசங்கம் செய்து நிறுத்தப் போவதில்லை. நம் கேள்வியெல்லாம் வேறு. ஒரு தெருவில் கடையும் பாரும் வருவதா வேண்டாமா என்பதை, அத்தெருவில் குடியிருப்பவர்களைக் கேட்காமல் தீர்மானிக்கும் உரிமை எவனுக்கு உண்டு?

1983-ல் மொத்த வியாபாரத்துக்காக ஏற்பட்ட டாஸ்மாக்கு, 2003 நவம்பர் முதல் சில்லறை வியாபாரத்தையும் தானே எடுத்துக் கொண்டது. அதே வருஷத்தில் அதற்கென்று விதிகளும் எழுதினார்கள். அந்த விதியில் இடத்தைப் பற்றிய பேச்சு ஒன்று உண்டு. கார்ப்பரேஷன், முனிசிபாலிட்டிகளில் கோயில் முதலிய வணக்க ஸ்தலங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் 50 மீட்டருக்குள் கடை வைக்கக் கூடாது, மற்ற ஊர்களில் 100 மீட்டருக்குள் வைக்கக் கூடாது என்று இருக்கின்றது. அதிலும் வியாபாரப் பகுதி, தொழிற்பகுதி என்று நகரமைப்பு அதிகாரிகள் கோடு போட்ட இடமானால் இந்தத் தூரமும் கிடையாது.

பள்ளிக்கூடத்துக்குத் தூரம் வைத்ததில் அர்த்தமிருக்கின்றது. குழந்தைகள் போய்வரும் இடம். ஆனால் சாமிக்கு எதற்கு 50 மீட்டர்? சர்வ வல்லமையுள்ளவர் என்று சொல்லப்படுகின்றவருக்குக் குடிகாரனால் என்ன ஆபத்து வந்துவிடும்? அவர் கன்னத்தில் யாராவது அறைவார்களா? அவர் சம்பளப் பணத்தை யாராவது பறித்துக்கொண்டு போவார்களா? அடிபடுகின்றவள் கூலிக்காரன் பெண்சாதி. பட்டினி கிடப்பது அவன் குழந்தை. சாயங்காலம் வேலை முடிந்து அந்த வழியாகத்தான் நடந்தாக வேண்டுமென்று தலைகுனிந்து போகின்றவள் நூல் மில்லில் வேலை செய்யும் பெண். பஞ்சு மில்லுகளும் பேண்டேஜ் துணித் தறிகளும் நிறைந்த இராஜபாளையத்தில் இது எத்தனை பெண்களின் சங்கதி என்று யோசித்துப் பாருங்கள். அவளுக்கு எத்தனை மீட்டர் வைத்திருக்கின்றீர்கள்? அவள் குடியிருக்கும் காலனிக்கு எத்தனை மீட்டர்? மில் வாசலுக்கு எத்தனை மீட்டர்? விதியை எழுதினவர்கள் கல்லுக்கு ஐம்பது மீட்டர் அளந்துவிட்டு, கண்ணீருக்கு ஒரு மீட்டரும் அளக்கவில்லை. "தொழிற்பகுதி" என்று கோடு போட்டுவிட்டால் தூரமே வேண்டியதில்லையென்றால், தொழிலாளி இருக்கும் இடம்தான் கடைக்கு உகந்த இடம் என்று சர்க்காரே எழுதிக் கொடுத்ததாக ஆகவில்லையா?

'பார்' கொடுக்கின்ற முறையைக் கேட்டால் சிரிப்பு வரும். மதுக்கடையை ஒட்டிய பாருக்கு டெண்டர் விடுகின்றார்கள். எதற்கு டெண்டர்? தின்பண்டம் விற்கவும், காலிப் பாட்டில்களைச் சேகரித்துக் கொள்ளவும் உரிமை! சுண்டல் விற்கவும் பாட்டில் பொறுக்கவும்தான் இத்தனை பெரிய மனிதர்கள் போட்டி போடுகின்றார்களாம். எவன் அதிகத் தொகை கேட்கின்றானோ அவனுக்கு. முன்பு சொன்ன மூன்று சங்கதிகளை இங்கே வைத்துப் பாருங்கள். தெருக்காரர்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டுமென்று உண்டா? இந்த இடத்துக்கு ஏன் கொடுத்தோம் என்று காரணம் எழுத வேண்டுமென்று உண்டா? கொடுத்தது தப்பு என்று தெருக்காரன் அப்பீல் செய்ய லகுவான வழி உண்டா? வேண்டுமானால் மதுரைக்குப் போய் ஐக்கோர்ட்டில் ரிட்டு போட வேண்டும். முந்நூறு ரூபாய்க் கூலிக்காரி ரிட்டு போடுவாளா, அன்றைக்கு அடுப்பு மூட்டுவாளா?

ஆகவே டிரைவராக வேண்டுமென்று வருகின்ற ஏழையைப் பார்த்து, "நீ குடிகாரனா?" என்று சட்டம் கேட்கின்றது. பார் நடத்த வேண்டுமென்று வருகின்ற பணக்காரனைப் பார்த்து, "நீ எவ்வளவு கொடுப்பாய்?" என்று கேட்கின்றது. குடித்துவிட்டு ஓட்டுகின்றவனுடைய இரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமுக்கு மேலிருந்தால் முதல் தடவையிலேயே பதினாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரையில் ஜெயில். நல்லது, இருக்கட்டும், நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் அந்த 30 மில்லிகிராமை ஊற்றிக் கொடுத்தது யார்? 2023-24-ம் வருஷத்தில் மது விற்றதில் சர்க்காருக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். ஒரு கையால் ஊற்றி மறு கையால் அபராதம் வாங்குகின்ற இந்தச் சாமர்த்தியம் எந்தப் புராணத்துக் கடவுளுக்கும் இருந்ததாக நாம் படித்ததில்லை.

இந்த இரண்டு லைசென்சுகளும் சந்திக்கின்ற இடம் ரோடு. அந்த ரோட்டைப் பற்றியும் ஒரு வேடிக்கை உண்டு. 2016 டிசம்பர் 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், நேஷனல் ஹைவேக்கும் ஸ்டேட் ஹைவேக்கும் 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உத்தரவு போட்டது. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. மூடின கடைகளை ஊருக்குள் குடியிருப்புப் பகுதிகளில் கொண்டுவந்து வைக்கப் பார்த்தபோது, ஜில்லா ஜில்லாவாகப் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த ஏப்ரலில் திருப்பூர் பக்கத்துச் சாமளாபுரத்தில் கடை வேண்டாம் என்று மறியல் செய்த பெண் ஒருவரை ஒரு போலீசு அதிகாரி கன்னத்தில் அறைந்ததை உலகமே படத்தில் பார்த்தது. தெருக்காரியின் ஆட்சேபணைக்கு விதியில் இடமில்லாவிட்டால், அது அவள் கன்னத்தில் வந்துதான் முடிகின்றது. அந்த வருஷம் ஜூலையிலே, முனிசிபல் எல்லைக்குள் இருக்கும் கடைகளுக்கு இந்த 500 மீட்டர் பொருந்தாது என்று கோர்ட்டே விளக்கம் கொடுத்துவிட்டது. கொல்லத்திலிருந்து திருமங்கலம் போகும் 744-ம் நம்பர் நேஷனல் ஹைவே இராஜபாளையத்துக்குள்ளும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குள்ளும் புகுந்துதான் போகின்றது. இந்த இரண்டு ஊரும் முனிசிபாலிட்டிகள். ஆகவே, முனிசிபல் எல்லைக்கல்லைத் தாண்டி உள்ளே வந்தவுடன் லாரிக்காரனுடைய போதை தெளிந்துவிடும் போலும்! எல்லைக்கல்லுக்கு இத்தனை மகிமை இருப்பது தெரிந்தால் அதற்கும் ஒரு கும்பாபிஷேகம் செய்துவிடுவார்கள்.

"எல்லாம் சரி, யார்தான் தீர்மானிக்க வேண்டுமென்கின்றீர்கள்?" என்று சிலர் கேட்கலாம். நாம் ஆகாயத்திலிருந்து எதையும் கொண்டுவரவில்லை. இங்கிலாந்தில் டாக்சி டிரைவருக்கும், மதுக்கடைக்கும் பாருக்கும், இரண்டுக்குமே லைசென்சு கொடுப்பது ஊர்க் கவுன்சில்தான். லண்டனில் மட்டும் டாக்சி வேறு அதிகாரத்தின் கீழ் இருக்கின்றது. டாக்சி ஓட்ட வருகின்றவன் தகுதியும் யோக்கியதையும் உள்ளவன்தானா என்று கவுன்சில் திருப்தியடைய வேண்டுமென்று அவர்கள் 1976-ம் வருஷத்துச் சட்டம் சொல்லுகின்றது. மதுக்கடை விஷயத்தை 2003-ம் வருஷத்துச் சட்டத்தால் மாஜிஸ்திரேட்டுகளிடமிருந்து எடுத்துக் கவுன்சில்களிடம் கொடுத்தார்கள். குற்றமும் கலவரமும் தடுத்தல், பொதுஜனப் பாதுகாப்பு, அண்டை அயலாருக்குத் தொல்லை இல்லாமை, குழந்தைகளுக்குக் கெடுதல் வராமை என்கின்ற நான்கை மட்டும் வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அடுத்த வீட்டுக்காரன் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தால், மூன்று மெம்பர்கள் கொண்ட கமிட்டி உட்கார்ந்து, மனுச் செய்தவனையும் ஆட்சேபித்தவனையும் எதிரெதிரே வைத்துக் கேட்கின்றது. தீர்ப்புக்குக் காரணம் எழுதுகின்றது. பிடிக்காதவன் 21 நாளுக்குள் மாஜிஸ்திரேட்டு கோர்ட்டுக்கு அப்பீல் போகலாம். அந்தக் கவனிப்பில் "எத்தனை ரூபாய்க்கு ஏலம் கேட்டாய்?" என்ற கேள்வியே கிடையாது. "எந்த மதம்? எந்தக் கோயிலுக்கு எத்தனை அடி?" என்பதும் கிடையாது.

கவுன்சிலிடம் கொடுத்துவிட்டால் எல்லாம் பொன்னாகிவிடும் என்று நாம் சொன்னதாக யாரும் எழுதிவிடக் கூடாது. அதே இங்கிலாந்தில் ராதரம் என்கின்ற ஊரில் 1997 முதல் 2013 வரை குறைந்தது 1,400 குழந்தைகள் கெடுக்கப்பட்டார்கள் என்று 2014-ல் ஒரு விசாரணை வெளியிட்டது. குழந்தைகளை ஏற்றிப் போனவர்களில் டாக்சிக்காரர்கள் அடிக்கடி அடிபட்டார்கள். லைசென்சு கொடுத்த கவுன்சில் கண்ணை மூடிக்கொண்டிருந்தது என்று 2015-ல் அடுத்த விசாரணை சொல்லிற்று. அந்தக் கவுன்சில் தன் வேலைக்கே தகுதியற்றது என்று எழுதி, மேல் சர்க்கார் கமிஷனர்களை அனுப்பி, டாக்சி லைசென்சு அதிகாரத்தையும் பிடுங்கிக் கொண்டது. ஓட்டுக்குப் பயந்தும், சொந்தக்காரன், தெரிந்தவன் என்கின்ற முகதாட்சணியத்துக்கு ஆட்பட்டும், மெம்பரும் அதிகாரியைப் போலவே கெடக்கூடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். அங்கே தப்பு செய்தவன் யார், எந்தக் கமிட்டி, எந்தத் தேதி என்று விசாரணைக்காரர்கள் காகிதத்தைப் புரட்டிக் கண்டுபிடிக்க முடிந்தது. இங்கே நம் தெருவில் பார் வந்ததற்கு யார் பொறுப்பு என்று கேட்டால், மெம்பர் சேர்மெனைக் காட்டுவார், சேர்மென் கலெக்டர் ஆபீசைக் காட்டுவார், கலெக்டர் ஆபீசு டாஸ்மாக்கு ஜில்லா மானேஜரைக் காட்டும், அவர் சென்னையைக் காட்டுவார். சென்னையில் இருப்பவர்கள் ஜனங்களையே காட்டுவார்கள், "நீங்கள் குடிக்கின்றீர்கள், நாங்கள் விற்கின்றோம்" என்று!

இங்கிலாந்தைச் சொன்னால் "வெள்ளைக்காரன் சங்கதி நமக்கு எதற்கு?" என்பார்கள். ஆகவே நம் மண்ணிலே நடந்ததைச் சொல்லுகின்றோம். ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும் அக்காலத்தில் இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்தவை. அந்த ஜில்லா போர்டுக்கு 1930-ஐ ஒட்டிய வருஷங்களில் பிரசிடெண்டாயிருந்தவர் தோழர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாணச் சுயமரியாதை மகாநாட்டுக்குத் தலைமை வகித்தவரும் அவரே. அப்போது தனியார் பஸ்காரர்கள் ஆதிதிராவிடர்களைப் பஸ்ஸில் ஏற்றுவதில்லை. வண்டி ஓடுவது பொது ரோட்டில், ரோடு போட்டது பொதுப்பணம், அந்தப் பணத்தில் ஆதிதிராவிடனுடைய உழைப்பும் உண்டு, ஆனால் அவனுக்கு மட்டும் இடமில்லை! சௌந்தரபாண்டியன் அதற்காக மகாநாடு கூட்டிக் கண்ணீர் விடவில்லை. ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கின்ற பஸ்ஸுக்கு லைசென்சு ரத்து என்று உத்தரவு போட்டார். அவ்வளவுதான். ஆயிரம் வருஷத்துச் சாஸ்திரம் ஒரு லைசென்சுக் காகிதத்துக்கு முன்னால் பெட்டிப் பாம்பாய் அடங்கிற்று. சாஸ்திரத்தைவிடக் கலெக்ஷன் பெரிது என்று பஸ் முதலாளிகளுக்குத் தெரிந்துவிட்டது.

அது ஊரார் ஸ்தாபனத்தின் கையில் லைசென்சு அதிகாரம் இருந்த காலம். 1939-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் வந்த பிறகு பஸ், டாக்சிப் பெர்மிட்டு எல்லாம் போக்குவரத்து அதிகார சபைகளுக்குப் போயிற்று. இன்றைய சட்டத்திலும், அந்தச் சபையில் தலைவரைத் தவிர இரண்டு பேர் வரையில் உத்தியோகஸ்தரல்லாதவர்களைக்கூட நியமிக்கலாம், மோட்டார்த் தொழிலில் பணம் போட்டவன் மட்டும் கூடாது என்று இடம் இருக்கின்றது. இடமிருந்தும் நம் ஜில்லாக்களில் அந்தச் சபை என்பது கலெக்டர்தான்!

அதிகாரம் மேலே போனதால் ஜாதி ஒழிந்துவிட்டதா? 1997-ல் இதே விருதுநகர் ஜில்லாவில் சர்க்கார் போக்குவரத்துக் கழகம் ஒன்றுக்கு வீரன் சுந்தரலிங்கம் என்ற பெயரை வைத்தபோது, ஒரு தாழ்த்தப்பட்டவர் பெயர் எழுதிய பஸ்ஸில் நாங்கள் ஏறமாட்டோம் என்று கிளம்பிய ஜாதி வெறியர்களால் தென்ஜில்லாக்கள் முழுவதும் கலகம் பரவிற்று. சர்க்கார் என்ன செய்தது? பெயரில்தானே தகராறு, எல்லாப் போக்குவரத்துக் கழகங்களின் பெயரையும் எல்லா ஜில்லாக்களின் தலைவர் பெயரையும் எடுத்துவிடுகின்றோம் என்று எடுத்துவிட்டது. ஏற மறுத்தவனை இறக்கிவிட்ட காலத்திலிருந்து, ஏற மறுத்தவனுக்காகப் பெயரை அழிக்கின்ற காலத்துக்கு நாம் முன்னேறியிருக்கின்றோம்.

மது விஷயத்திலும் பக்கத்து ராஜ்யங்களைப் பார்த்தால் வழி தெரியும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், பார் வைக்க ஊர்ப் பஞ்சாயத்தோ முனிசிபாலிட்டியோ ஆட்சேபணையில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டுமென்ற சட்டம் இருந்தது. 2017-ல் அதை ஓர் அவசரச் சட்டத்தால் எடுத்துவிட்டார்கள். ஊரார் கையில் அதிகாரம் இருந்தால் கடை திறப்பது கஷ்டம் என்பதற்கு எடுத்ததே அத்தாட்சி. மகாராஷ்டிரத்தில் 2008-ல் ஏற்பட்ட உத்தரவுப்படி, ஒரு கிராமத்திலோ வார்டிலோ உள்ள பெண் ஓட்டர்களில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் இரகசிய ஓட்டு நடத்த வேண்டும். நின்ற பாட்டிலா, படுத்த பாட்டிலா என்பதுதான் சின்னம். பாதிப் பெண்களுக்கு மேல் படுத்த பாட்டிலுக்கு ஓட்டுப் போட்டால் கடை மூட வேண்டியதுதான். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கும் பாட்டில் நிற்பதும் படுப்பதும் தெரியும், வீட்டில் தினம் பார்க்கின்றவளாயிற்றே! அடிபடுகின்றவள் கையில் தீர்ப்பைக் கொடுத்தார்கள். குடிக்கின்றவனைக் கேட்டுக் கடை வைப்பதைவிட இது எவ்வளவோ யோக்கியமான முறை.

இங்கே? 2015 ஜூலை 31-ந் தேதி, கன்னியாகுமரி ஜில்லா உண்ணாமலைக்கடையில் ஒரு மதுக்கடையை எடுக்கச் சொல்லி செல்போன் டவரின் மேல் ஏறிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் உயிர்விட்டார். காந்தியத்தில் நமக்கும் அவருக்கும் ஆயிரம் அபிப்பிராய பேதம் இருக்கலாம். ஒரு தெருவில் ஒரு கடையை எடுக்க ஒரு கிழவர் டவரின் மேல் ஏறிச் சாக வேண்டிய நாட்டில், மனுக் கொடுக்கும் முறை என்று ஒன்று இருப்பதாய்ச் சொல்லிக் கொள்ள வெட்கப்பட வேண்டாமா? கிராம சபைகள் எத்தனையோ தீர்மானம் போட்டுப் பார்த்துவிட்டன. தீர்மானப் புத்தகம் அலமாரியில் இருக்கின்றது, கடை ரோட்டில் இருக்கின்றது. 2023 ஜூனில் 5,329 கடைகளில் 500 கடைகளைச் சர்க்கார் மூடிற்று. எந்த ஐந்நூறு என்பதைத் தீர்மானித்ததும் மேலே இருந்தவர்கள்தான். திறக்கும்போதும் கேட்பதில்லை, மூடும்போதும் கேட்பதில்லை. கேட்காமல் கொடுப்பதை வரம் என்பார்கள். நமக்கு வரம் வேண்டியதில்லை, உரிமை வேண்டும்.

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் முனிசிபல் மெம்பர்களுக்கு நாம் ஒன்று சொல்லுகின்றோம். 2022 பிப்ரவரியில் நடந்த எலெக்ஷனில் தமிழ்நாட்டு முனிசிபல் ஸ்தானங்களில் பாதி பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. அந்தப் பெண் மெம்பர்கள் சாக்கடைக்கும் தெருவிளக்கும் கேட்டுப் பேசலாம், தங்கள் வார்டில் வரும் பாரைப் பற்றி மட்டும் ஓட்டுப் போட முடியாது என்றால், அந்த நாற்காலி எதற்கு? புருஷன் வந்து உட்காரவா? அதே 2022 முதல் நகரங்களிலும் பகுதி சபைகள் கூட்டப்படுகின்றன. அங்கே போய், "இந்தத் தெருவில் பார் எந்த உத்தரவின்படி, எந்தத் தேதியில், யார் கையெழுத்தில் வந்தது? அந்தக் காகிதத்தை இங்கே வாசியுங்கள்" என்று கேளுங்கள். காகிதம் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி ஜில்லா மானேஜரைக் கேளுங்கள். டிரைவர் தோழர்களும் லைசென்சு மறுக்கப்பட்டால், வாய் வார்த்தையோடு திரும்பி வராமல், "காரணத்தை எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். அது நீங்கள் கெஞ்ச வேண்டியதல்ல, அவர்கள் கொடுக்கக் கடமைப்பட்டது. வாசலில் நிற்கும் அண்ணாச்சிக்குக் கொடுக்கும் பணத்தில் பாதிகூட அப்பீலுக்கு ஆகாது.

சட்டசபைக்குப் போகின்றவர்களிடம் கேட்க வேண்டியதும் இரண்டே. மகாராஷ்டிரத்து உத்தரவைப் போல் வார்டுப் பெண்களுக்கு ஓட்டு. டாக்சி டிரைவரைத் தகுதி பார்க்கும் இடத்தில் தரகனும் சிபார்சுமில்லாத பகிரங்க விசாரணை. ஓட்டுக் கேட்டு வருகின்றபோது இதற்கு எழுத்தில் பதில் வாங்கிக் கொள்ளுங்கள். நமக்கும் ஒரு நகல் அனுப்பினால் பெயரோடு பிரசுரிக்கின்றோம்.